இருபது கவுண்டர், ஒரு கண்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் தோட்டக் கம்பெனியின் தலைமையகத்துக்கு இதை வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். தலையாட்டுவார்கள். பிறகு, “ஞாயித்துக்கிழமை யாரு வேலை செய்யப் போறா?” என்று, சர்வரை மூச்சு முட்டவைக்கும் கனமான கணக்கு ஓட்டங்களையெல்லாம் ஞாயிறு காலையில்தான் ஏற்றிவிடுவார்கள். நான் கத்தோலிக்கன். பூசையையே சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டவன். தலைமையகத்தை மாற்றத்தான் முடியவில்லை.

பெயர் ரஃபேல். மெர்கோங்கில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து கம்பெனி சர்வரைக் கவனித்துக்கொள்கிறேன். “அவருக்குத் திரையப் பாத்துக்கிட்டே இருக்குற வேலை” என்று என் மனைவி அலிசியா எல்லாரிடமும் சொல்வாள். மறுக்க வழியில்லை.

திரையில் நான் பார்ப்பது வொர்க் பிராசஸ்களை. சர்வருக்குள் இருபது கவுண்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்தில் யார் பட்டனை அழுத்தினாலும் ஏதாவது ஒரு கவுண்டர் அதை வாங்கி, முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடும். இருபதும் நிறைந்துவிட்டால் மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இதில் வேடிக்கை, உள்ளே போய்க் கூட்டத்தைக் கலைக்க வேண்டிய நானும் அதே வரிசையில்தான் நிற்பேன்.

அந்த ஞாயிறு காலை சுங்கை லாலாங் தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி யோகேஸ்வரி போன் செய்தாள்.

“ரஃபேல் அண்ணே, ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்கு லா.”

“எல்லாருக்கும்தான் சுத்துது. போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாம்மா.”

“வெளையாடாதீங்கண்ணே. நம்ம பழனியாண்டிக்கு மட்டை வெட்டுறப்போ கண்ணுல செம்பனை முள்ளு பாஞ்சிருச்சு. மண்டோர் காடியில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. உடனே ஆப்பரேஷன் பண்ணணுமாம். ஜிஎல் வந்தாத்தான் உள்ள தள்ளுவாங்களாம்.”

மண்டோர் தோட்டத்து மேஸ்திரி, காடி அவருடைய கார். ஜிஎல் என்பது, வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் உத்தரவாதக் கடிதம். அது சிஸ்டத்திலிருந்து நேராகப் போக வேண்டும். மேனேஜரே கையால் எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் செல்லாது.

கோப்பி குடிக்கச் சொன்ன வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கமான வழியில் நுழைய முடியவில்லை. இந்த மாதிரி நேரத்துக்கென்றே பின்வாசல் போல ஒரு கறுப்புத் திரை உண்டு. அதில் பார்த்தேன். இருபது வரி, இருபதிலும் ஒரே பெயர். தலைமையகம் ஐந்து வருட விளைச்சலை மறுபடியும் அலசிக்கொண்டிருந்தது. ஒரே வேலை இருபது துண்டாகப் பிரிந்து எல்லாக் கவுண்டரிலும் உட்கார்ந்திருந்தது.

ஒரு துண்டைக் கொன்றேன். இடம் காலியானதும் அதே வேலையின் அடுத்த துண்டு வந்து உட்கார்ந்தது. இன்னொன்றைக் கொன்றேன். அந்த இடத்தில் பெண்டாங் தோட்ட ஆபீசிலிருந்து யாரோ ஒருவரின் லீவு விண்ணப்பம் வெற்றிகரமாக நுழைந்தது.

“யோகேஸ், எத்தனை விண்டோ தொறந்து வெச்சிருக்க?”

“ஏழு. ஒண்ணு சுத்துனா இன்னொண்ணு தொறப்போம்ல?”

திறப்போம்தான். கெடா முழுக்க அப்படித்தான் திறந்து வைத்திருந்தார்கள். வரிசை அனுமார் வாலாக நீண்டிருந்தது. துண்டு துண்டாகக் கொன்று பயனில்லை. மூல ஓட்டத்தையே நிறுத்த வேண்டும். அதைத் தொட, கோலாலம்பூரில் இருக்கும் என் மேலதிகாரி நடராஜா சாரின் அனுமதி வேண்டும். அவரைக் கூப்பிட்டேன்.

“ரஃபேல்? ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல என்னப்பா பண்றே?” பின்னால் பிள்ளைகள் பிறந்தநாள் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள்.

“வேலை சார்.”

விஷயத்தைச் சொன்னேன்.

“எவ்ளோ ஓடியிருக்கு?”

“முக்கால்வாசி சார்.”

“அப்போ விடு லா. நாளைக்கு போர்டு மீட்டிங்ல காட்டணும். நிறுத்துனா மொதல்லேர்ந்து ஓடணும். அவங்களக் கொஞ்சம் சபார் பண்ணச் சொல்லு, பொறுத்துக்கட்டும்.”

“கண்ணு சார்.”

“ஆஸ்பத்திரியிலதானே இருக்கான்? பாத்துப்பாங்க. தொடாதே.”

நான் வீரன் இல்லை. வீட்டில் கரப்பான் வந்தால் அலிசியாவைக் கூப்பிடுகிறவன். நிறுத்தும் கட்டளையை அடித்துவிட்டு, விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, ஓட்டம் தானாக முடிந்துவிடாதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். முடியவில்லை. இன்னொரு லைனில் யோகேஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அழுத்திவிட்டேன்.

இருபது வரியும் மறைந்தன. வரிசை மளமளவென்று கரைந்தது.

“அண்ணே! தொறந்துருச்சு! இருங்க... போயிருச்சு. ஜிஎல் போயிருச்சு!” என்று கத்தியவள், போனை வைக்கும் முன், “மாசா மாசம் இப்படித்தான் ஆவுது, அங்க என்னதான் பாக்குறீங்களோ” என்றாள்.

அடுத்த அழைப்பு நடராஜா சாருடையது. “யாருய்யா நிறுத்துனா?”

சர்வர் தானாகவே விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் சர்வரைத் தெரிந்த யாரும் நம்புவார்கள்.

“நான்தான் சார்.”

அவர் கத்தவில்லை. “எழுத்துல விளக்கம் அனுப்பு. இதுக்கு மேல உனக்காக நான் பேச முடியாது” என்றார்.

சாயங்காலம், விளக்கத்தில் இரண்டே வரி எழுதியிருந்தபோது யோகேஸ்வரி மறுபடி கூப்பிட்டாள். இப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

“முள்ள எடுத்துட்டாங்கண்ணே. பார்வை என்னான்னு கட்டுப் பிரிச்சாத்தான் தெரியுமாம். அவரு வீட்டுக்காரி சந்திராக்கா பக்கத்துல இருக்காங்க. ஒங்ககிட்ட பேசணுங்கிறாங்க.”

நன்றி சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். “அதெல்லாம் எதுக்குக்கா” என்று ஒரு பதிலைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“ஐயா, நீங்கதான் கம்ப்யூட்டர் ஆபீஸாங்களா?”

“ஆமாக்கா.”

“லெட்டரு வர லேட்டாச்சுல்லங்கய்யா. முன்னாடியே வந்திருந்தா கண்ணுக்கு இன்னும் நல்லதா இருந்திருக்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவரு ஒண்ணுமே சொல்லல. ஒங்களுக்குத் தெரியுங்களா?”

“தெரியலக்கா.”

“சரிங்கய்யா” என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.