அம்மா மைக்கில் படிக்க வேண்டிய வரி

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. ஏக்கம், நினைவு என்றெல்லாம் பூசி மெழுக எனக்கு வராது. ஒரு அட்டையைப் பார்த்து ஒருத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான் கதை. எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் இத்தனை நாள் இழுபறி.

முதல் தொடக்கம்: கல்லூரியின் கடைசி நாட்களில் வராந்தாவில் வெயில் சாய்ந்து—

வேண்டாம். வெயில் சாய்ந்தால் வாசகரும் சாய்ந்துவிடுவார்.

அடுத்தது: அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி—

இதுவும் வேண்டாம். ஏனென்று போகப் போகத் தெரியும்.

2

அந்த வகுப்பில் ஒரு வழக்கம். விடைபெறும் விழாவுக்கு ஒவ்வொருவர் படத்தையும் அட்டையில் ஒட்டி, கீழே அவரவர் குணத்துக்குப் பொருத்தமாக இலக்கியத்திலிருந்து ஒரு வரி எழுதுவார்கள். அந்த வரியை அவரவர் வீட்டிலிருந்து வந்தவர் மேடையேறி மைக்கில் படிக்க வேண்டும். தன் வரியைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது.

வரி தேடும் பொறுப்பு காரத்திடம் வந்தது. பட்டென்று முகத்துக்கு நேராகப் பேசுவதால் வந்த பட்டப்பெயர். நூலகத்தில் பாதியை மேய்ந்து முடித்தவள். எப்போதும் கடைசியாக வகுப்புக்குள் நுழைவதால் 'லேட்' என்று பெயர் வாங்கியவனுக்கு அவள் போட்ட வரி: "அவன் வந்து சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது, குதிரைக்கு மட்டும் மூச்சு வாங்கியது." வராமலேயே வருகைப் பதிவு வாங்கிவிடும் ஒருவனுக்கு: "இல்லாதவனின் பெயரே அந்த ஊரில் அதிகம் ஒலித்தது." வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது.

வகுப்புத் தலைவியை எல்லோரும் ரெப் என்பார்கள். வக்கீல் வீட்டுப் பெண், யாருக்கு எது என்றாலும் முதலில் ஓடிவருபவள். அவளுக்கு: "அவள் குடையில் எல்லோருக்கும் இடமிருந்தது; மழை பெய்கிறதா என்றுதான் அவள் பார்க்கவேயில்லை."

ரெப்பும் சிரித்தாள். "உன் வாய் இருக்கே!" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

[எந்தெந்த நூல் என்று கேட்காதீர்கள். எல்லா வரியும் இந்தக் கதைக்குள்தான் பிறந்தது.]

3

காரத்தின் வீட்டில் அம்மா தயாராகிக்கொண்டிருந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விழா என்று கேட்ட நாளிலிருந்து பஸ் பலகை, மருந்துக்கடைப் பலகை ஒன்றையும் விடுவதில்லை. உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

"உனக்கு என்னடி போட்டிருக்காங்க?"

"தெரியாதும்மா."

"கிண்டலாத்தான் இருக்கும். உன் வாய்க்கு வேற என்ன போடுவாங்க? படிச்சிட்டு நானே சிரிச்சிருவேன் பாரு."

இந்தச் சிரிப்புக்காகத்தான் அம்மா விடுப்பு சொல்லியிருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் தேவைப்படும்.

4

விழாவன்று காலை, அரங்கத்தின் பின்னறையில் காரம் தன் அட்டையைப் பார்த்தாள். ரெப் தேர்ந்தெடுத்த வரி: "சேற்றிலிருந்துதான் வந்தாள், ஆனாலும் அவள்மேல் ஒரு துளி சேறு இல்லை."

"ஒரு வாரமா தேடினேன்டி," என்றாள் ரெப். கண் கலங்கியிருந்தது.

"எங்க வீட்டுக்கு நீ வந்திருக்கியா?"

"இல்லையே."

"அப்புறம் அங்க சேறு கிடக்குன்னு யார் சொன்னா?"

"ஐயோ, அது உவமைடி!"

"அந்த உவமைய எங்க அம்மா மைக்ல படிக்கணும்டி. நாள் முழுக்க ஊர்க் கறையத் துவைக்கிறவங்க."

ரெப் அட்டையை வாங்கி இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள்.

[முந்தைய பிரதியில் ரெப் இந்த இடத்தில் "நல்லதுக்குச் சொன்னாலும் தப்பா?" என்று முகத்தைச் சுளிப்பாள். எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் சுளிக்கிறவள் ஒரு வாரம் தேடமாட்டாள். அடித்துவிட்டேன். வில்லி இல்லாமல் கோபப்படுவது பெரிய தொல்லை.]

5

காரத்தின் கோபத்தை நானாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும். லேட்டுக்கு வரி அவன் செய்கையிலிருந்து வந்தது. ரெப்புக்கும் அப்படியே. இவளுக்கு மட்டும் பிறந்த இடத்திலிருந்து வந்தது. தாமதமாக வருவது ஒருவனின் குணம். சேறு யாருடைய குணம்? மூன்று வருடம் கூடவே உட்கார்ந்து, சண்டை போட்டு, ஆசிரியரையே எதிர்த்துப் பேசியவளிடம் கிண்டல் செய்ய ஒன்றுகூடவா கிடைக்கவில்லை? எல்லோரையும் கிண்டல் செய்தார்கள். இவளைப் பாராட்டிவிட்டார்கள். அந்த மரியாதையில் இவள் தனியே நின்றாள்.

இப்போது புரிகிறதா, அந்த இரண்டாவது தொடக்கத்தை ஏன் தூக்கிப் போட்டேன் என்று?

6

"சரி, மாத்திடலாம். நீயே சொல்லு, என்ன போடட்டும்?" ரெப் புது அட்டை எடுத்தாள்.

"நான் சொல்லக் கூடாது. அதானே விதி."

"விதியாவது ஒண்ணாவது! சொல்லுடி, நேரமாகுது."

காரம் வாயைத் திறந்தாள். வகுப்புக்கே வரி கண்டவளுக்குத் தனக்கு ஒன்று வரவில்லை. கோபக்காரி என்று—

இல்லை, அதுவும் அவளைப் பார்க்காதவர்கள் எழுதுவது.

7

முடிவு, முதல் வகை: அவள் அட்டையைக் கிழித்துப் போட்டு வெளியேறுகிறாள். கை தட்டுவீர்கள். சலவை நெடி போக இரண்டு தடவை குளித்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை யார் வீட்டுக்கு அழைத்துப் போவது?

இரண்டாம் வகை: பழைய அட்டையே மேடைக்குப் போகிறது. அம்மா "சே... ற்... றி..." என்று கூட்டி, நிமிர்ந்து, "எங்க வீட்டுல ஏதும்மா சேறு?" என்று மைக்கில் கேட்கிறார். அரங்கம் தலைகுனிகிறது. எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. அம்மா விடுப்பு போட்டது சிரிக்க. பாடம் நடத்த இல்லை.

மூன்றாம் வகைக்கு என்னிடம் இருப்பது இந்த அட்டை மட்டும்:

காரம்: "_______________________"

இத்தனை பக்கம் கூடவே வந்தீர்கள். அவள் பேசியதைக் கேட்டீர்கள், மற்றவர்களுக்கு எழுதியதைப் படித்தீர்கள். கிண்டலாக ஒன்று எழுதுங்கள். அவள் செய்ததிலிருந்து எடுங்கள். அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோதாகச் சின்னச் சொற்களாக இருக்கட்டும்.

அம்மா மேடையேறிவிட்டார். யாரோ மைக்கை அவர் உயரத்துக்கு இறக்குகிறார்கள். சிரிப்பதற்கு உதட்டை இப்போதே தயாராக வைத்திருக்கிறார். என்னைப் பார்க்காதீர்கள், பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது.