பொன்னம்மை இரண்டு பேரான வருஷம்

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆவணி மாதம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் குளத்துக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில், நயினாரின் மனைவி பொன்னம்மை காலையில் இரண்டு பேராக எழுந்தாள். அன்றைக்கு மழை விட்டிருந்தது. ஓணம் நெருங்கியதால் நேந்திரங்காய் விலை ஏறியிருந்தது. பால்காரன் வாசலில் குரல் கொடுத்தபோது இரண்டு பொன்னம்மைகளும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். அவன் வழக்கமான அளவைப் பாதிப் பாதியாக ஊற்றிவிட்டு, ஓணத்துக்குப் பாயசப் பால் கூடுதல் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடும்படி இருவரிடமும் பொதுவாகக் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

இது எதனால் வந்ததென்பது தெருவுக்கே தெரியும். நயினார் அல் ஐனில், பாலைவனத்தின் நடுவில் இருக்கிற அந்த ஊரில், ஒரு சிமெண்ட் கம்பெனியில் அக்கௌண்டண்டாக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், பெட்டியைத் திறப்பார், மூடுவார், போவார். அந்த வருஷம் கம்பெனி அவருக்குக் குடும்பத்தோடு இருக்க வீடு தருவதாகச் சொன்னது. மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவதா வேண்டாமா என்று ஓணத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நயினாருக்குக் கூட்டிப் போகத்தான் ஆசை; ஹோட்டல் சாப்பாட்டில் அவருக்கு வயிறு கெட்டுப்போயிருந்தது. அவருடைய அம்மை சிவகாமியம்மாள் வரமாட்டேன் என்றாள். அங்கே விடியற்காலையிலும் குழாயில் வெந்நீர்தான் வருமாம், அந்தத் தண்ணீரில் குளித்துச் சாக அவளுக்கு மனமில்லை. மருமகள் போவதிலும் அவளுக்குச் சம்மதமில்லை. அதுவரை கரமனையில் ஒரு கல்யாணம் விடாமல் நடந்து போய்ச் சாப்பிட்டு வந்தவளுக்கு, விசாப் பேச்சு எழுந்த நாளிலிருந்து கால்முட்டு மடங்கிவிட்டது. தன்னைக் குளிப்பாட்ட ஆள் வேண்டுமென்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

பொன்னம்மையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லக்கூடியது சின்ன விஷயம்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற வினீத்தும் நாலு வயசு ஆர்யாவும் எங்கே படுத்துத் தூங்குகிறார்களோ அங்கே அவள் பாயும் கிடக்க வேண்டும். அது குளத்தங்கரையானாலும் மணல்காடானாலும் அவளுக்கு ஒன்றுதான்.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இந்த ஊரில் குடியேறிய குடும்பங்களில், பெரிய காரியமென்றால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் கூடாது. ஒரு காரியத்தை ஒரு சாமியிடம்தான் கேட்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சிவகாமியம்மாள் மகனிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போய், ஆற்றங்கரை இசக்கியம்மனிடம் கேட்டாள், வெள்ளை வந்தது. அதே வெள்ளிக்கிழமை நயினார் அம்மையிடம் சொல்லாமல் சுசீந்திரத்திலிருக்கும் தாய்மாமன் தாணுமாலையனுக்கு போன் செய்து, குடும்பத்துச் சாஸ்தாவிடம் கேட்கச் சொன்னார், சிவப்பு வந்தது. குடும்பத்துச் சாஸ்தா பெரியவர். இசக்கியோ வாக்கை மீறினால் பிள்ளைகள் மேல் கை வைக்கிறவள். எந்த வாக்கைத் தள்ளுவதென்று தாணுமாலையன் பஸ் ஏறி வந்து உட்கார்ந்து யோசித்தார், அக்கம்பக்கத்தார் யோசித்தார்கள். கடைசியில் சிவகாமியம்மாள்தான் சொன்னாள்: "ரெண்டு பேரு வாக்கையும் தட்டப்பிடாது. அவ போவவும் செய்யட்டு, இருக்கவும் செய்யட்டு."

எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பொன்னம்மை இரவு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள். விடிந்தபோது இரண்டு பேராக இருந்தாள்.

எது யார் என்பதில் குழப்பம் வரவில்லை. ஒருத்தி எழுந்ததும் பிள்ளைகளின் உடுப்புகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். மற்றவள் மாமியாருக்கு வெந்நீர் வைக்கப் போனாள். தெரு அவர்களைப் போறவள் என்றும் இருக்கிறவள் என்றும் கூப்பிட்டது. இருவருக்கும் வலது மணிக்கட்டில் அப்பளம் பொரித்தபோது பட்ட அதே தழும்பு இருந்தது, இருவருக்கும் ஆர்யா பிறந்த நாளின் மழை ஞாபகமிருந்தது. தாலி மட்டும் ஒன்றுதான். அது போறவள் கழுத்தில் கிடந்தது. இருக்கிறவள் கழுத்து வெறுமையாக இருப்பது வீட்டுக்கு ஆகாதென்று சிவகாமியம்மாள் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, பிறத்தியார் பார்க்காதபடி முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னாள். வினீத் ஒருத்தியைப் புத்தகப் பை தூக்கவும் மற்றவளை மலையாளம் டிக்டேஷன் சொல்லவும் வைத்துக்கொண்டான். ஆர்யா இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு வயிற்றிலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டு தூங்கினாள். அந்தக் கொஞ்ச நாள் அந்தக் குழந்தையைப் போல் நிம்மதியாகத் தூங்கியவர்கள் ஸ்ரீவராகத்தில் யாருமில்லை.

பிறகு நயினார் குடும்பத்தைக் கூட்டிப்போக வந்தார். இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். ஒருத்தி வைத்த குழம்பையும் மற்றவள் வைத்த துவரனையும் சாப்பிட்டார். ருசியில் வித்தியாசமில்லை என்று கண்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அங்கே சமைக்க ஆளாயிற்று, இங்கே அம்மைக்கு ஆளாயிற்று. இத்தனை காலம் இது யாருக்கும் தோன்றாமல் போனதே என்று தாணுமாலையனிடம் வியந்தார். பிள்ளைகள் தன்னோடு வருவதில் அவருக்கு எந்த யோசனையும் இல்லை.

இருக்கிறவள் அவருக்கு மோர் கொடுக்கும்போது கேட்டாள். "ரெண்டுல ஒண்ணை எனக்கு விட்டுட்டுப் போங்க. மூத்தவனை வேண்டாம். சின்னதை."

"பிள்ளையும் ரெண்டாவட்டு, ஒண்ணு தாறேன்" என்றார் நயினார். உள்ளே கட்டிலில் கிடந்த சிவகாமியம்மாள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

அவர் கல்மனசுக்காரர் என்று இருக்கிறவள் நினைக்கவில்லை. அவருக்கு அது புரியாத விஷயம், அவ்வளவுதான். புரிந்த ஒருத்தி வீட்டில் இருந்தாள். கிணற்றடியில் பிள்ளைகளின் துணிகளை அலசிக்கொண்டிருந்த போறவளிடம் போய் அதையே கேட்டாள். போறவள் பிழிந்த பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு திரும்பி, இருக்கிறவளின் முகத்தைக் கண்ணாடி பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீயாயிருந்தா குடுப்பியாடி? சொல்லு."

இருக்கிறவள் கொடியில் கிடந்த பாவாடையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். கொடுத்திருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். வேறொருத்தியாக இருந்திருந்தால் காலில் விழுந்து கேட்கலாம், சாபம் போடலாம். தன்னிடமே எதைப் பேசி ஜெயிப்பது?

அதற்குப் பிறகு அவள் செய்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்து போகலாம், குற்றமில்லை. தான் எப்படி இரண்டானோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தட்டமுடியாத இரண்டு வாக்குகள் இரண்டு பக்கம் இழுத்தால் ஆள் இரண்டாகிவிடும். ஆர்யாவுக்கு ஒரு வாக்கு ஏற்கனவே கிடைத்திருந்தது: அப்பா கூப்பிடுகிறார், போக வேண்டும். இன்னொன்றைக் கொடுத்தால் போதும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அதைக் கொடுத்தாள். "நீ போனா நான் செத்துப்போவேன், கேட்டியா மக்களே. ஆருட்டயும் சொல்லாத." ஒவ்வொரு நாளும் சொன்னாள். நாலு வயசுக் குழந்தை யாரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ஆர்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு தரம் 'ஓ' என்றாள். அவள் கையைத் தூக்கினால் அதற்குச் சற்றுப் பின்னாலேயே இன்னொரு கை, இன்னும் முழுதாக ஆகாமல், தூக்கிக்கொண்டு வந்தது. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரைக்கும், வெண்டைக்காயின் மேல் இருப்பதுபோல ஒரு கோடு விழுந்தது. இங்கிலீஷ் டாக்டர் பார்த்துவிட்டு, பயணம் போகிற பிள்ளைகளுக்கு இப்போது இப்படி வருகிறது, சிரப் கொடுங்கள் என்றார். நயினார் இரண்டு டிக்கெட்டா ஒரு டிக்கெட்டா என்று விமானக் கம்பெனிக்குப் போன் செய்தார். குழந்தை அழவில்லை. இரண்டு கைகளாலும் தன் தலையை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

அதைப் பார்த்தபோது இருக்கிறவளுக்குத் தான் இரண்டான ராத்திரி ஞாபகம் வந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிரசவ வேதனை இதற்குப் பக்கத்தில் வராது. பிரசவத்தில் ஒன்று வெளியே போனாலும் பெற்றவள் பெற்றவளாகவே கிடப்பாள். இதில் தன்னிடமிருந்து தன்னையே பிடுங்குவார்கள்; எந்தப் பக்கம் நான் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கத்தும்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். இடுப்பிலிருந்து இறக்கி நிறுத்தினாள்.

"இஞ்ச பாரு. நான் ஒன் அம்மை இல்ல. அவதான் ஒன் அம்மை. நான் இந்த வீட்டுல வேலைக்கு நிக்கிறவ."

ஆர்யா நம்பவில்லை. சிரித்துவிட்டு, காலைக் கட்டிக்கொண்டது. இருக்கிறவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். மறுபடி கட்டிக்கொண்டது. அப்போது அடித்தாள். அதுவரை அந்தப் பிள்ளையை யாரும் கைநீட்டி அடித்ததில்லை. கன்னத்தில் ஒன்று, அழ வாய் திறந்ததும் இன்னொன்று. "வேலைக்காரி பின்னால சுத்தாத. போ, ஒன் அம்மைட்ட போ." குழந்தை ஓடியது. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது, கோடும் மறைந்துவிட்டது. போறவள் எல்லாவற்றையும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். நன்றி சொல்லவில்லை. தனக்குத்தானே யாராவது நன்றி சொல்வார்களா?

அவர்கள் கிளம்பிய மத்தியானம் இருக்கிறவள் விமான நிலையத்துக்குப் போகவில்லை, மாமியாரின் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. விமானம் ஓட்டுக்கு மேல் தாழப் பறந்தது; அந்தப் பக்கத்தில் எல்லா விமானமும் அப்படித்தான் பறக்கும்.

பிறகு வருஷங்கள் போயின. சிவகாமியம்மாளின் முட்டு நிமிர்ந்துவிட்டது, மறுபடி கல்யாணங்களுக்கு நடந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அல் ஐனிலிருந்து போன் வரும்; இருக்கிறவள் ரிசீவரை எடுத்து மாமியாரிடம் கொடுத்துவிட்டு நிற்பாள். பிள்ளைகள் முதலில் அவளை விசாரிக்கவில்லை, பிறகு சித்தி என்று பேர் வைத்து விசாரித்தார்கள். போறவள் ஊருக்கு வரவேயில்லை. நயினார் ஒரு லீவில் இருக்கிறவளுக்குப் பட்டுப் போன்ற ஒரு புடவை கொண்டுவந்தார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். குடிக்கணக்கெடுக்க வந்தவர் இவள் யாரென்று கேட்டபோது, "மருமவ. மிச்சமுள்ளவ" என்று சிவகாமியம்மாள் சொல்ல, அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். அதற்குள் அந்தத் தெருவில் வேறு சில வீடுகளிலும் பெண்கள் இரண்டாகியிருந்தார்கள். நாலு வீடு தள்ளியிருந்த தளவாயின் வீட்டில், அவர்களுடைய இருக்கிறவளைக் கவடியாரில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்கு அனுப்பினார்கள். சும்மா இருந்தால் உடம்பு கெட்டுப்போகுமாம். பெண் பார்க்க வருகிறவர்கள் பாட்டுத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, பெண்ணுக்கு இரண்டாகிற உடம்புவாகு உண்டா என்று கேட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் ஆர்யா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு அப்பாவோடு வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். தெருப் பிள்ளைகளோடு மலையாளம், அப்பாவோடு பாதி இங்கிலீஷ். கன்னத்தில் வாங்கிய அடி அவளுக்கு ஞாபகமில்லை என்றுதான் தோன்றியது. பிளஸ் டூ இங்கேயே படித்தால் என்ட்ரன்ஸுக்கு நல்லதென்று நயினார் சொன்னார். பெண்பிள்ளை தன் கண் பார்வையில்தான் இருக்க வேண்டும் என்று போறவள் போனில் அழுதாள். ஆர்யாவுக்கு இரண்டு ஊரும் பிடித்திருந்தது, இரண்டும் பயமாகவும் இருந்தது. "இதுக்கு என்னத்துக்குச் சண்டை? நம்ம குடும்பத்துல வழியிருக்கில்லா?" என்றாள் சிவகாமியம்மாள், வாயில் பல்லில்லாமல், மிகுந்த அன்போடு.

அன்று மத்தியானம் கொல்லைப் படியில் இருக்கிறவள் ஆர்யாவுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நல்ல அடர்த்தியான முடி.

"சித்தி, ரெண்டாவும்போ வேதனிக்குமோ?"

இருக்கிறவள் சீப்பை உச்சியில் வைத்து, நெற்றிவரை நேராக ஒரு வகிடு எடுத்தாள். அல் ஐனில் போறவள் இத்தனை வருஷமும் இந்தத் தலையைத் தினமும் வாரியிருப்பாள். தினமும்.

"இல்ல மக்களே. ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஆர்யா இரண்டு பேரானாள். கத்திய சத்தம் குளத்தின் அக்கரைவரை கேட்டது. அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்கள் யார் வீட்டில் என்று கேட்டுவிட்டு முங்கினார்கள். ஒருத்தி நயினாரோடு விமானம் ஏறினாள். மற்றவள் ஸ்ரீவராகத்தில் தங்கி பிளஸ் ஒன்னில் சேர்ந்தாள், நன்றாகப் படித்தாள். அவள் இருக்கிறவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. தன்னால் வாரிக்கொள்ள முடியாத அளவுக்கு முடி அடர்த்தி என்பதால் காலையில் மட்டும் வந்து, முதுகைக் காட்டி, படியில் உட்காருவாள். அது போதும் என்று இருக்கிறவள் பால்காரனிடம் சொன்னாள். பால் இப்போது கூடுதலாக வாங்குகிறார்கள்.