எட்டு எண்ணுவதற்குள்

எஞ்சின் மேல் வைத்த கையை, அதை வாங்க வந்த கார் ரேஸ்காரர் உடனே எடுக்கவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார்.

"யாரும்மா இதை முன்னாடியே ஓட்டினது?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்ரோல் குழாய்க்கு ஒரு கிளிப் வாங்கக் காலையிலேயே கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கிளிப் இன்னும் கையில் இருந்தது. தானும் தொட்டுப் பார்த்தாள். நன்றாகவே சூடு.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளை ஏலத்தில் எடுத்து, பிரித்து விற்கிற ஷெட் அது. பிரிப்பது அவள், பேசி விற்பது அவள் புருஷன். ஷெட்டுக்கு வருகிறவர்கள் அவரை 'ஸ்பீக்கர்' என்பார்கள். பதினாறு வருஷமாக இந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை. இந்த எஞ்சினுக்கு மட்டும்தான், விளம்பரம் நானே எழுதுகிறேன், நானே விற்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது அவளுக்கே சந்தேகம்.

மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த லாரி அதைப் பாதியாக மடித்துவிட்டது. ஓட்டியவன் பிழைத்துக்கொண்டான். முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆறு சிலிண்டர் எஞ்சினை அவள் தனியாகவே சங்கிலி போட்டு இறக்கி, இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, ரேடியேட்டரும் பேட்டரியும் கொடுத்து உயிர் வரவழைத்தாள். அது ஓடத் தொடங்கிப் பதினோரு நாள் ஆகிறது. "விளம்பரத்தைப் பாத்து இந்த ஒரே ஆள்தான் வர்றாரு. அவரும் எடுக்கலைன்னா நாளைக்குப் பிரிச்சு வித்துடுவோம்" என்று நேற்றே சொல்லிவிட்டார் புருஷன். நன்றாக ஓடுகிற ஒன்றைத் துண்டு துண்டாக விற்க அவளுக்கு மனசில்லை.

விளம்பரத்தில் அவள் எழுதியிருந்தது நான்கே வரி. கடைசி வரி: 'குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து கேட்கலாம்.' தேய்ந்துபோன எஞ்சின்கூடச் சூடானபின் நல்ல பிள்ளைபோல் ஓடும். அதன் குணம் தெரிவது குளிரில்தான். அதனால் ஆள் வரும் முன்பே சூடாக்கி வைத்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் இந்தத் தொழிலில் அர்த்தம்.

"வெயில்ல இருந்துச்சு சார், அதான் லேசா..." என்று புருஷன் ஆரம்பித்தார்.

"கூரைக்குக் கீழயா வெயில் அடிக்குது?" ரேஸ்காரர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். "நாலு வரி எழுதியிருந்தியேம்மா, பொய் சொல்ற ஆள் இவ்வளவு சுருக்கமா எழுதமாட்டானேன்னு நம்பி வந்தேன். வரேன்."

புருஷனின் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினில் டக் டக்கென்று ஒரு சத்தம் வரும், பிறகு நின்றுவிடும். சும்மா நின்று ஆறும்போது கீழே இறங்கிவிடுகிற எண்ணெய் மறுபடி மேலே ஏற எடுத்துக்கொள்ளும் நேரம் அது, வேறொன்றுமில்லை. சொல்லியிருந்தாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டுவிட்டு, அவள் கடைக்குப் போன இடைவெளியில் சூடாக்கி அந்தச் சத்தத்தை ஒழித்துவிட்டார். நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அவளுக்குக் கோபம் பொய்யின் மேல் இல்லை. தன் காதை இந்த மனுஷன் பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் நம்பியதில்லை என்பதன் மேல். ஆச்சரியம் என்னவென்றால், அது தெரிந்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"இருங்க" என்றாள். "சூடு பண்ணினது எங்க வீட்டுக்காரர்தான். காலையில ஒரு சத்தம் வரும், அது உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு. எனக்கு நீங்க அதைக் கேக்கணும். நாலரை மணிக்கு ஆறிடும், வாங்க."

"நான் போனதும் மறுபடி சூடு பண்ணமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. பேட்டரியைக் கழற்றிக் கொடுக்கலாம். ஆனால் ஷெட்டில் நாற்பது பேட்டரி கிடக்கிறது, அது அவருக்கும் தெரியும். அவள் குனிந்தாள். எஞ்சினின் கம்பிகளெல்லாம் போய்ச் சேருகிற அலுமினியப் பெட்டியின் கொக்கியை விடுவித்து வெளியே எடுத்தாள். எஞ்சினின் மூளை அது. அந்தப் பெட்டி இல்லாமல் எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடாது. அதே எண்ணில் இன்னொரு பெட்டி தேடினாலும் கிடைக்காது.

"இதை எடுத்துட்டுப் போங்க."

"ஏய், என்ன பண்றே?" புருஷனின் குரல் கீச்சென்றது.

ரேஸ்காரர் பெட்டியை வாங்கினார். கைக்குட்டையை உதறி அதைச் சுற்றினார். கம்பி நுழைகிற வாயில் தூசி படாமல் மடித்து முடிச்சுப் போட்டார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

நாலரை வரைக்கும் புருஷன் ஷெட்டுக்குள் நடந்து தள்ளினார். "பேர் தெரியாது, ஊர் தெரியாது. கொடுத்துட்டா மகராசி. அந்தப் பெட்டி போனா இனி இதை யார் முழுசா வாங்குவா?"

"உக்காருங்க. தரை தேயுது."

"உனக்குப் பயமே இல்லையா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். மதியம் சாப்பாடு வழக்கம்போலவே இறங்கியிருந்தது. "இல்லைங்க" என்றாள், தனக்கே செய்தி சொல்வதுபோல். பழைய கிளிப்பை மாற்றிப் புதியதை முறுக்கினாள்.

நாலரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரேஸ்காரர் வந்தார், கைக்குட்டை மூட்டையோடு. எஞ்சினின் இரண்டு பக்கமும் தொட்டார், அடியிலும் கைவிட்டுத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. அவள் பெட்டியை மாட்டினாள்.

"சத்தம் வரும். எட்டு எண்ணுங்க. அதுக்குள்ள நின்னுடும்."

"நிக்கலைன்னா?"

"எடுக்காதீங்க. நானும் இனிமே எந்த எஞ்சினைப் பத்தியும் இது இப்படின்னு சொல்லமாட்டேன்."

அவரே சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது. கூடவே டக், டக், டக். யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல். புருஷன் கண்ணை மூடிக்கொண்டார். ரேஸ்காரரின் உதடுகள் அசைந்தன. மூன்று. நான்கு. அவள் எண்ணவில்லை. எண்ணெய் ஏறுவது அவளுக்குக் கேட்டது. ஆறு. சத்தம் தேய்ந்தது. ஏழு. ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சாக, வழுவழுவென்று ஓடின.

அவர் வெகுநேரம் அணைக்கவில்லை. அணைத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "ஏழு. ஒண்ணு கூட்டிச் சொல்லியிருக்கியேம்மா."

"உங்களுக்கு எண்ணுறதுல அவசரம் இருக்கலாம்ல சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். விலையில் அவர் கொஞ்சம் இறங்கச் சொன்னார், அவள் இறங்கவில்லை. அதையும் ரசித்ததுபோலத்தான் இருந்தது. மூன்று பேருமாகத் தள்ளி, சங்கிலியில் தூக்கி வேனில் ஏற்றினார்கள். புறப்படும்போது, "அடுத்து ஏதாவது வந்தா நீயே கூப்பிட்டுச் சொல்லும்மா" என்றார். ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரும்புச் சட்டம் காலியாக நின்றது. கீழே இரண்டு சொட்டு எண்ணெய்.

"பெட்டியோட ஓடிப் போயிருந்தா?" என்றார் புருஷன்.

"தன் கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டுப் போனாரே, பாக்கலையா நீங்க? அந்த மாதிரி ஆள் ஓடமாட்டார்."

அவர் காலிச் சட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "அந்தச் சத்தம் ஒண்ணுமில்லைன்னு நீ அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"பதினோரு நாளா சொன்னேங்க."

அவர் குனிந்தார். எண்ணெய்ச் சொட்டை ஒரு கிழிசல் துணியால் துடைத்தார். அதற்கு அவசியமே இல்லை.

"மூலையில அடுத்ததா நிக்குற அந்த வெள்ளை வண்டி எஞ்சினுக்கு விளம்பரத்துல என்னன்னு போடலாம்?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"தெரியாது" என்றாள் அவள், கையுறையை மாட்டிக்கொண்டே. "அது ஓடுற சத்தத்தை இன்னும் நான் கேக்கலை."