கரையும் ஸ்டென்ட்டும் இரண்டு நோன்பு நாட்களும்

1

'இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது' என்று எழுதி அடித்துவிட்டேன். பொய் அல்ல, பயம். யாஷ் நகர ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா டாக்டரிடம் "சரி" என்றாள். அதைக் கேட்ட மகள் பயந்துபோனாள். மகளுக்குச் சின்சியானா என்று பெயர் வைத்திருக்கிறேன். (ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நானும்தான். அவளைப் புத்திசாலியாக எழுதக் கூச்சமாயிருக்கிறது.)

2

'பனி கொட்டிய அன்று வர்வாராவின் இதயம்'

வேண்டாம். பனியைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பேன்.

இதயத்தில் அடைத்த ரத்தக்குழாயைத் திறந்துவைக்க உலோக ஸ்டென்ட் என்ற வலைக்குழல் காப்பீட்டில் கிடைக்கும், உடம்போடு தங்கிவிடும். புதியது சில வருடங்களில் கரைந்துவிடும். ஆனால் அதற்குப் பசுவை விற்கவேண்டும், கரையும்வரை ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. விட்டால் அங்கேயே ரத்தம் உறைந்து…

"கரையிறதையே போடுங்க டாக்டர். மண்ணுக்குப் போறப்ப இரும்போட போகமாட்டேன்," என்றாள் அம்மா வர்வாரா.

"மண்ணுக்கு என்னம்மா அவசரம்? மாத்திரை தவறாம போடுவீங்களா?"

"சரி டாக்டர். மிட்டாய் மாதிரி முழுங்கிடுறேன்."

3

அவள் மனமறிந்து பொய் சொல்லவில்லை. 'தவறாம' என்றால் அவளுக்கு நோன்பு நாட்கள் நீங்கலாகத்தான். புதனும் வெள்ளியும் நோன்பு. இறைச்சி, முட்டை, பால் தொடமாட்டாள். ரத்தஅழுத்த மாத்திரையில் பால் சர்க்கரை இருப்பதை அட்டைப்பெட்டிச் சீட்டில் படித்ததிலிருந்து, அந்த நாட்களில் எந்த மாத்திரையும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வாரங்கள் முழுக்கவும் இல்லை.

நடைபாதையில் சின்சியானா மெல்லச் சொன்னாள்: "டாக்டர்கிட்ட நோன்பைச் சொல்லிடும்மா."

"கடவுளுக்கும் எனக்கும் நடுவுல அந்த ஆளு எதுக்குடி?"

"நோயாளிங்க சாப்பிடலாம்னு பாதிரியாரே சொன்னாரே!"

"சொல்லுவாரு. அவரு தொப்பைய பாத்தியா?"

(இங்கே நான் சிரித்தேன். சின்சியானா சிரிக்கவில்லை.)

"நீ வாயத் தொறந்தே, ஒண்ணும் வேணாம்னு வீட்டுக்குப் போயிடுவேன்."

4

ஒரு முடிவு: மகள் சொல்லிவிடுகிறாள். அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு, அடைத்த குழாயோடு படியிறங்குகிறாள்.

இன்னொன்று: சொல்லவில்லை. எல்லாம் நன்றாகப் போகிறது. ஒரு நோன்புக் காலை, அடுப்பில் பீன்ஸ் சூப், அம்மா கரண்டியை… மேலே எழுத எனக்குக் கை ஓடவில்லை.

அம்மா உலோகத்துக்குச் சம்மதிப்பதாகவும் எழுதிப் பார்த்தேன். வர்வாரா அந்த வரிக்குள் வர மறுக்கிறாள்.

மறுபடி டாக்டரின் அறை. படிவத்தில் எழுத அவர் பேனாவைத் திறந்துவிட்டார். "நீ ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்று மகளைக் கேட்கிறார். அம்மா அவளையே பார்க்கிறாள்.

சின்சியானா வாயைத் திறந்துவிட்டாள். முதல் சொல்லை நீங்களே போடுங்கள். எனக்குத் தைரியமில்லை.