ரோட்டுக்குக் கொடுத்த மருந்து

1

"மருந்தைத் தொட்டிக்குக் குடுங்க. ரோட்டுக்கு வேண்டாம்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அன்புமொழியிடம் அவள் அப்பா சொல்லியிருந்தார். கேட்டுவிட்டாள்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைக் கோட்டிலிருந்து. கீரனூர்ப் பக்கம் ஓர் ஊருக்கு அதிகாரி வருகிறார் என்று ரோட்டின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்து, அழகாயிருக்கிறதே என்று நினைத்தேன். அந்த வெட்கத்தில்தான் எழுதுகிறேன். (எங்கள் பக்கம் அந்தப் பவுடருக்குப் பெயர் மருந்து. அதிகாரி வந்தால் ரோட்டுக்குக் கொடுக்கிற மருந்து.)

2

ஊராட்சி அலுவலகம். மூலையில் ஒரே ஒரு மூட்டை. மேசையில் செயலர் ரகுநாத். (முதலில் இவரை வில்லனாக எழுதினேன், மீசையெல்லாம் வைத்து. மழித்துவிட்டேன். இவருக்கும் மேலிருந்து போன் வந்துகொண்டேயிருக்கிறது.)

"ஏம்மா, ஆபீசர் ரோட்டுல வருவாரா, தொட்டிக்குள்ள நீந்தி வருவாரா?"

"அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் செல்வராணியக்கா மக வயித்தால போயி ஆஸ்பத்திரில கெடக்கா. இருக்கறது இந்த ஒரு மூட்டை."

"கெமிஸ்ட்ரி படிச்ச திமிரு. ஒங்கப்பனுக்குத் தொட்டி வேலை குடுத்தது யாரு?"

தொட்டியில் நீரேற்றித் தெருவுக்குத் திறந்துவிடும் வீரய்யா வாசலில்தான் நின்றார். அவர் நிமிர்ந்து, "எம்புள்ள கேக்குறது நாயந்தானே" என்று

இல்லை. தோளிலிருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. "புள்ள தெரியாமப் பேசுது, மன்னிச்சுக்கங்க சார்." வால்வு திருப்பும் இரும்புச் சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார்.

அவளுக்குக் கூசியது. அப்பாவை நினைத்து இல்லை என்று எழுதிப் பார்த்தேன். பொய். அப்பாவை நினைத்துத்தான். அவள் பரீட்சையில் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்று எழுதிய அதே மருந்தை அவர் வெறுங்கையால் அள்ளி, உள்ளங்கை வெடித்து, அவளைப் படிக்க வைத்தார். கூசியதற்காக இன்னொரு முறை கூசியது.

3

சில முடிவுகள். அதிகாரி தொட்டியில் ஏறிப் பார்க்கிறார். (ஏற மாட்டார்.) ரகுநாத் மனம் மாறுகிறார். (போன் அடிக்கிறது.) அவள் அழுகிறாள். (இதை அவளே அடித்துவிட்டாள்.)

அன்புமொழி சாவியை எடுத்தாள்.

"அதை எங்கிட்டுத் தூக்கிட்டுப் போற?"

"மருந்து போடாத தண்ணி இன்னைக்குத் தெருவுக்கு வராது. ஆபீசர் வரயில எல்லாரும் காலிக் கொடத்தோட ரோட்டுல நிப்பாங்க. அவருக்கிட்ட வெளக்கம் சொல்லிக்கங்க."

"ஒங்கப்பன் வேலை போயிரும்டி."

இதற்கு அவள் சொன்ன பதிலைப் பல விதமாக எழுதினேன். எதுவும் சரியாக வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், குடத்தோடு நிற்கப்போவது நீங்கள்தான்.

வெளியே அப்பா குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தார், பிசிறில்லாமல், நேராக. அவள் அதை மிதித்துத் தாண்டி, தொட்டியைப் பார்த்து நடந்தாள்.