பாலிஷ் தரையில் வெண்ணிலா

திண்டிவனத்தில் பச்சைமுத்து கட்டிய புது வீட்டின் தரையில் அவருடைய உருவம் தெரியவில்லை. அவர் தலைமுழுகிவிட்ட மகள் வெண்ணிலா தெரிந்தாள். மற்றவர்கள் காலடியிலெல்லாம் அவரவர் உருவமே தெரிந்தது. டைல்ஸ் வேண்டாம், காங்கிரீட்டையே தேய்த்துப் பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று செல்போனில் படம் காட்டி அடம்பிடித்தவன் மகன் வல்லரசு. தரை மேஸ்திரி தேவநாதன் மெஷினை ஓட்டி, உள்ளே கிடந்த ஜல்லியெல்லாம் எள்ளும் மல்லாட்டைக் கடலையும் இறைத்தது போலத் தெரியும்வரை தேய்த்துக் கொடுத்தார். கிரகப்பிரவேசத்தன்று வலது காலை எடுத்து வைத்துக் குனிந்த பச்சைமுத்துவுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் உள்ளங்காலோடு தன் உள்ளங்காலை ஒட்டிக்கொண்டு, தலைகீழாக நின்றபடி வெண்ணிலா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னாய்யா இது?” என்றார்.

தேவநாதன் மண்டியிட்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். “சிமெண்டு, ஜல்லி, மணலுதாங்க போட்டேன். வேற ஒண்ணும் போடலீங்க.” மறுபடி மெஷினை ஓட்டினார்கள். முகம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது.

வேறு சாதிப் பையனான சித்தார்த்தனைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் போய்விட்டவள் அவள். அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று மயிலம் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர் பச்சைமுத்து. இப்போது சமையலறைக்கு நடந்தால் காலடியில் அவளும் நடந்தாள். செருப்புப் போட்டால் அவளும் போட்டாள். பாய் விரித்து மறைத்தார். மனைவி கோவிந்தம்மாள் அதைச் சுருட்டி மூலையில் சாத்தினாள்.

“கொஞ்சம் அப்படியே நில்லுங்க. நல்லா பாத்துக்கிறேன். எளச்சிட்டா பாருங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். உறவுக்காரர்கள் வந்தால் வாசலோடு அனுப்பினார். மாசிப் பனி போய் வெயில் ஏறியபோது தரையில் நின்றவளுக்கு வயிறு மேடிட்டிருந்தது. ஆடியில் ஒருநாள் விடியலில் அவர் உள்ளங்கால்கள் அடுப்பில் வைத்தது போலச் சுட்டன. மத்தியானம் குனிந்தபோது காலடியில் யாருமே இல்லை. வெறும் ஜல்லி.

இத்தனை நாளும் அவளைக் கண்டு நடுங்கியவருக்கு அந்த வெறுந்தரைதான் உயிரை உலுக்கியது. வல்லரசு அக்காவோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். “எங்கடா அவ?” என்று அவன் சட்டையைப் பிடித்தார்.

“ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்கப்பா. ஜொரம். தரையில கால வெக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம்.”

விழுப்புரம் பஸ்ஸில் அவர் நின்றுகொண்டே போனார். கட்டிலில் வெண்ணிலா கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய பெண் குழந்தை. வழிவிட்டு எழுந்த சித்தார்த்தனை அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

“வந்துட்டியாப்பா?” என்றாள் அவள். “ரொம்ப நாளா எங்க நின்னாலும் உன் காலு என் காலுல முட்டிக்கினே இருந்துச்சு.”

அவர் அவள் உள்ளங்கால்களைக் கையால் பொத்திக்கொண்டார்.

இப்போது அவர்கள் மூவரும் வருகிறார்கள், போகிறார்கள். தரை மாறவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. வெண்ணிலா விழுப்புரத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து, அவள் காலுக்குக் கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று, பச்சைமுத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் மேலே தூக்கி வைத்துக்கொள்கிறார்.