லியோனாவுக்காக ஜெபியுங்கள்

"கேளு, என்ன வேணா கேளு. ஆனா என் வயசை மட்டும் அச்சுல போடாதே," என்றாள் லியோனா க்ளாசன், பிளம் பழ ரொட்டியைத் துண்டு போட்டபடி. "பிள்ளைங்க எனக்கு நூறு வயசுன்னு நம்பிட்டிருக்குதுங்க. அந்த மரியாதை கெட்டுப்போயிடும்."

டாரீன் ஃப்ரீஸன் சிரித்துக்கொண்டே கைபேசியில் பதிவை ஓடவிட்டாள். சபையின் மாத இதழில் 'நம் ஊழியரை அறிவோம்' என்ற பக்கம் அவள் பொறுப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது. வின்னிபெக் நகரத்திலிருந்து இந்தச் சிற்றூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினைந்து வருடமாகியும் அந்த ஊர்க்காரர்களுக்கு அவள் இன்னும் 'பட்டணத்துப் பெண்'தான். இந்தப் பக்கம் ஒன்றுதான் அவளுக்கு வீட்டுக்கு வீடு கதவைத் திறந்துவிட்டது.

லியோனா சிறுவர் ஊழியத்தின் தலைவி. ஞாயிறு பள்ளி, கோடை முகாம், கிறிஸ்துமஸ் நாடகம் எல்லாம் அவள் கையில். அந்த ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் யாரைக் கேட்டாலும், முதல் ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தது லியோனாதான் என்பார்கள்.

"நீங்க எப்ப விசுவாசத்துக்கு வந்தீங்க?"

"சின்னப் பிள்ளையில, ஏரிக்கரை முகாம்ல. மத்தவங்க சாட்சி சொன்னா வெளிச்சம் வந்துச்சு, குரல் கேட்டுச்சும்பாங்க. எனக்குக் கொசுதான் வந்துச்சு. அவ்வளவு கடியிலயும் எழுந்து ஓடாம உக்காந்திருந்தேன் பாரு, அப்பவே தெரிஞ்சுது இது நிஜம்னு."

பிடித்த வசனம், பிடித்த சாப்பாடு என்று கேள்விகள் இலகுவாகப் போயின. கடைசியாக, "உங்க ஜெப வாழ்க்கையைப் பத்திக் கொஞ்சம்..." என்று டாரீன் ஆரம்பித்தாள். லியோனாவின் கை கத்தியோடு நின்றது.

"அதை அணைச்சுடு."

டாரீன் பதிவை நிறுத்தினாள்.

"ஹென்றி விழுந்ததிலேருந்து என்னால ஜெபிக்க முடியலடி," என்றாள் லியோனா. அவள் கணவர் ஹென்றி பக்கவாதத்தில் விழுந்து பராமரிப்பு இல்லத்தில் கிடப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். இது யாருக்கும் தெரியாது. "முழங்கால் போடறேன். வாயைத் திறக்கறேன். சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டு, 'ஆண்டவரே, எங்க பூனைக்கு வயித்துவலி'ன்னு ஆரம்பிக்குதுங்க இல்ல? அவங்க வண்டியில நானும் ஓசியில ஏறிப் போறேன். அவ்வளவுதான் இப்ப என் ஜெபம்."

"இதை எழுத மாட்டேன், லியோனா."

"தெரியும். அதான் சொன்னேன்."

டாரீன் சொன்னபடியே எழுதவில்லை. கொசுவும் பிளம் ரொட்டியுமாகப் பக்கம் அழகாக அமைந்தது. ஆனால் அந்தப் புதன்கிழமை எட்னா பான்மன் வீட்டில் பெண்கள் ஜெபக்குழு கூடியது. காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கோரிக்கை சொன்னார்கள்: ஒருத்திக்குத் தங்கையின் புற்றுநோய், இன்னொருத்திக்கு மகனின் விவாகரத்து. டாரீனின் முறை வந்தது. எப்போதும் "எனக்கு ஒண்ணுமில்ல, அடுத்தவங்க சொல்லுங்க" என்பவள் அன்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"லியோனாவுக்காக ஜெபிக்கணும். விவரமெல்லாம் சொல்லக்கூடாது. ஜெபிக்கவே முடியலையாம் அவங்களால, ரொம்ப நாளா. எங்கிட்ட மனசு விட்டுச் சொன்னாங்க."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அந்தக் கணம் இனித்தது என்பதைப் பிற்பாடு அவளால் மறைக்க முடியவில்லை, தன்னிடமே கூட. லியோனா க்ளாசன் தன்னை நம்பியிருக்கிறாள் என்று அவர்கள் தெரிந்துகொண்டார்களே என்ற இனிப்பு அது.

"ஐயோ பாவம்," என்றாள் எட்னா. பிறகு மெதுவாக, "என் பேரப்பிள்ளைங்க ரெண்டும் அவ வகுப்புலதானே இருக்கு?" என்றாள்.

அடுத்த வாரமே சபையை நடத்தும் மூப்பர் குழு லியோனாவைக் கூப்பிட்டது. உண்மைதானா என்று கேட்டார்கள். உண்மைதான் என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. ஞாயிறு ஆராதனையில் மூப்பர்களின் தலைவர் ஒலிவாங்கி முன்னால் நின்று, "சகோதரி லியோனா சில காலம் ஓய்வெடுத்துக்கொள்கிறார், அவருடைய உழைப்புக்கு நன்றி சொல்வோம்" என்று அறிவித்தார். சபை கைதட்டியது. அன்றுதான் புது இதழும் வந்திருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் லியோனாவின் புகைப்படம் சிரித்தது. டாரீனும் கைதட்டினாள். தட்டாமலிருந்தால் யாராவது கவனிப்பார்களோ என்று பயந்தாள்.

மறுநாள் கோழி நூடுல்ஸ் சூப் வைத்து எடுத்துக்கொண்டு லியோனா வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடுவதென்றுதான் போனாள்.

லியோனா கதவைத் திறந்ததும் அவளைக் கட்டிக்கொண்டாள். "நீயாவது வந்தியே! ரெண்டே பேருகிட்டதான்டி சொன்னேன். உங்கிட்ட, அந்தப் பாஸ்டர் ரஸ்ஸல்கிட்ட. போதகர் அறையில, கதவைச் சாத்திக்கிட்டு. நீ சொல்லியிருக்க மாட்டே. அப்ப அந்தாளுதான். மேய்ப்பராம் மேய்ப்பர்! போன்லயே நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்."

"பாஸ்டர் என்ன சொன்னார்?" என்றாள் டாரீன்.

"ஒண்ணும் சொல்லல. 'மன்னிச்சுக்கோங்க லியோனா'ன்னார். குத்தமில்லாதவன் மன்னிப்பு கேப்பானா? நீயே சொல்லு."

டாரீன் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சூப்பைச் சூடு பண்ணி, இருவருக்கும் ஊற்றி, லியோனாவோடு உட்கார்ந்து குடித்தாள். ஒவ்வொரு வாயையும் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

வீட்டில் கணவன் கர்ட்டிஸிடம் மட்டும் சொன்னாள். "பாஸ்டருக்குத் தடிச்ச தோல், தாங்கிக்குவார். நீ ஏன் போய் வாங்கிக் கட்டிக்கணும்?" என்றான் அவன். அறுவடை நேரம், அவன் மனசெல்லாம் சூரியகாந்தி வயலில் இருந்தது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு டாரீன் சில வாரங்களை ஓட்டினாள். லியோனாவுக்கு அடிக்கடி பலகாரம் கொண்டுபோனாள். போகும்போதெல்லாம் லியோனா ரஸ்ஸலைத் திட்டினாள், டாரீன் தலையாட்டினாள். வரவர, தலையாட்டுவது சூப்பை விழுங்குவதை விடக் கஷ்டமாயிற்று.

ஒருநாள் கூட்டுறவுக் கடையில் பால் எடுக்க நின்றபோது பார்த்தாள். பாஸ்டர் ரஸ்ஸல் ஊங்கர் லியோனாவுக்கு எதிரே வந்து, "லியோனா, ஹென்றி எப்படி இருக்கார்?" என்றார். லியோனா தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். அவர் ரொட்டி அலமாரியை வெறித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். காது மடல் சிவந்திருந்தது. டாரீன் பாலை அங்கேயே வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

லியோனாவைப் பராமரிப்பு இல்லத்தில் பிடித்தாள். ஹென்றியின் கழுத்தில் துண்டைக் கட்டி, கரண்டியால் பாயசம் போன்ற எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்டர் சொல்லல, லியோனா. நான்தான் சொன்னேன். ஜெபக்குழுவுல. எட்னா வீட்ல."

கரண்டி ஹென்றியின் வாய்க்கு முன்னால் நின்றது.

"உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சுச் சொல்லலை. என்னைப் பெரிய ஆளா காட்டிக்கத்தான் சொன்னேன். அதுக்கப்புறமும் வாயை மூடிக்கிட்டு உங்க வீட்ல வந்து உக்காந்தேன்." அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.

ஹென்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லியோனாவிடம், "அந்தப் பொண்ணு ஏன் அழுவுது? நீ என்ன பண்ணே அதை?" என்றார் அதட்டலாக.

"நான் ஒண்ணும் பண்ணல," என்றாள் லியோனா. "வாயைத் தெற."

கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினாள். அவர் வாயைத் துடைத்துவிட்டாள். அதன் பிறகுதான் திரும்பினாள்.

"சாக்குச் சொல்லாம சொன்னே. சரி. மன்னிச்சேன்னு இங்க எல்லாரும் டக்குனு சொல்லிடுவோம், பழக்கம். என்னால இன்னிக்குச் சொல்ல முடியல, டாரீன். நீ போ. போற வழியில ரஸ்ஸல்கிட்ட சொல்லிட்டுப் போ. நானும் அவர்கிட்ட போகணும், எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறதுன்னு தெரியல."

ரஸ்ஸல் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். டாரீன் சொல்லி முடிக்கும்வரை ஒரு நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார்.

"தெரியும்," என்றார். "ரெண்டே பேருகிட்டதான் சொன்னேன்னு அவங்களே போன்ல சொன்னாங்க. நான் சொல்லலைன்னா வேற யாரு?"

"அப்புறம் ஏன் பாஸ்டர் அவங்ககிட்ட சொல்லல?"

"உன்னைக் காட்டிக்குடுக்கவா?" அவர் நாற்காலியை அடுக்கில் வைத்தார். "அதோட, நான் ஒண்ணும் பெரிய யோக்கியன் இல்ல. அவங்களை ஊழியத்திலேருந்து விலக்கறதை மூப்பர் கூட்டத்துல ஓட்டுக்கு விட்டாங்க. அவங்க படற பாடு எனக்கு முன்னாடியே தெரியும். ஜெபம் வராத அதே வறட்சி எனக்கும் வந்து போயிருக்கு. 'இதெல்லாம் குத்தமில்ல, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு'ன்னு எழுந்து சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன். எல்லாரும் கையைத் தூக்கினாங்க, நானும் தூக்கினேன். அவங்க என்னைத் திட்டினப்ப, திட்டு எனக்குத் தகுந்ததுதான், காரணம் மட்டும்தான் வேறன்னு தோணுச்சு."

அடுத்த புதன்கிழமை டாரீன் ஜெபக்குழுவிலும் சொன்னாள், தான் செய்தது கோரிக்கை இல்லை, கோள் என்று. "நாமெல்லாம் ஜெபிக்கத்தானே கேட்டுக்கிட்டோம்," என்றாள் எட்னா மனத்தாங்கலோடு. யாரோ பேச்சை மாற்றினார்கள். மூப்பர்களிடம் போனாள். யார் சொன்னது என்பது பிரச்சினை இல்லை, சொன்னது உண்மையா என்பதுதான் என்றார்கள். அந்த மாதம் ரஸ்ஸல் தன் வறட்சியைப் பற்றிப் பிரசங்க மேடையிலேயே பேசினார். சிலர் கண் கலங்கினார்கள். இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. லியோனாவின் இடத்துக்கு ஓர் இளம்பெண் வந்துவிட்டாள், நல்ல பெண். நடந்ததைத் திருப்பிப் போட வழியில்லை என்பது டாரீனுக்குப் புரிந்தது. இதழ்ப் பக்கத்தை விட்டுவிட்டாள். லியோனா வீட்டுக்கு அவளாகப் போகவில்லை. ஆலயத்தில் பார்த்தால் லியோனா தலையசைப்பாள், அதோடு சரி.

ஜனவரியில் பனி முட்டளவு கிடந்த ஒரு காலையில் போன் வந்தது.

"லியோனா பேசறேன். வியாழக்கிழமை வின்னிபெக்ல எனக்குக் கண் ஆபரேஷன். முடிஞ்சு வண்டி ஓட்டக்கூடாதாம். பட்டணத்துத் தெருவெல்லாம் உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். வரேன். கண்டிப்பா வரேன்."

"மன்னிச்சுட்டேன்னு நீயா முடிவு பண்ணிக்காதே. எனக்கு வண்டிதான் வேணும்."

"சரி."

திரும்பி வரும்போது லியோனாவின் ஒரு கண்மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. நெடுஞ்சாலையின் குறுக்கே பனித்தூள் பாம்பு பாம்பாக ஓடியது. டாரீன் மெதுவாக ஓட்டினாள். கேட்க நினைத்ததெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. தூக்கம் வருதா, குளிருதா என்று மட்டும் கேட்டாள்.

மோரிஸ் ஊரைத் தாண்டியதும் லியோனா தானாகவே பேசினாள்.

"புதுசா வந்த பொண்ணு ரொம்ப வேகமா ஜெபிக்குதாம். பசங்க பாதியில நிக்கறாங்களாம். எட்னாவோட பேத்தி எனக்குப் போன் பண்ணிக் குறை சொல்லுது."

"அப்படியா?" என்றாள் டாரீன்.

"இதை எங்கேயும் போய்ச் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்."

லியோனா நல்ல கண்ணால் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று டாரீனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு லியோனா இருக்கையைச் சாய்த்து, கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தூங்கிப்போனாள். டாரீன் ஹீட்டரை அவள் பக்கம் திருப்பிவிட்டு, சாலையைப் பார்த்து ஓட்டினாள்.